மண்ணைப் பார்த்துவிட்டு வடிகாலைப் போடுங்கள்: வடசென்னைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு வணக்கம்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில் மழைநீர் வடிகாலுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் திட்டம் போடுகிறவர்கள், டெண்டர் எழுதுகிறவர்கள், சைட்டில் நின்று லெவல் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் தண்டையார்பேட்டைக்காரன். மண் பரிசோதனைத் தொழிலில் இருக்கிறேன். துளை போட்டு மண் எடுத்து, அதன் தன்மையை எழுதித் தருவதுதான் என் பிழைப்பு.

கேட்க வந்தது ஒன்றுதான். வடசென்னையில் ஒரு தெருவைத் தோண்டும் முன்னால் அந்தத் தெருவின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதியுங்கள். வந்த முடிவை வைத்து அந்தத் தெருவுக்கான வடிகாலை வடிவமையுங்கள். முடிவுகளை எங்களுக்கும் காட்டுங்கள்.

மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்தப் பெரிய வேலையும் நடப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பல வேலைகளில் நான் பார்த்தது வேறு. எங்கோ நான்கைந்து இடத்தில் துளை போட்டு ஓர் அறிக்கை, அதோடு ஒரே ஒரு மாதிரி வரைபடம். அந்த வரைபடம் கடலோர மணல் தெருவுக்கும் போகிறது, கொடுங்கையூர்க் களிமண்ணுக்கும் போகிறது. அகலமும் ஆழமும் மட்டும் மாறும். அடியில் போடும் படுகை, கம்பிக்கு மேல் விடும் கான்கிரீட், மூட்டு அடைக்கும் விதம் எல்லாம் எங்கும் ஒன்றே. மண் அப்படி ஒன்றாக இல்லையே.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய பட்டையில் மேலே மணல். சில இடங்களில் அந்த மணலுக்குக் கீழே சாம்பல் நிறக் கடற்களி படுத்திருக்கும். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, சடயங்குப்பம் என்று போனால் களிமண்ணும் வண்டலும். ஏரியாகவும் வயலாகவும் கிடந்து, பிறகு கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாக்கிய இடங்கள் அதில் ஏராளம். இரண்டு தெரு தள்ளினால் கதையே மாறிவிடும்.

துளை போடும்போது 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு விட்டு அடிப்போம். கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டுமோ அதுதான் அந்த மண்ணின் எண். நல்ல இறுகிய மணலில் 30 முறை கூட அடிக்க வேண்டியிருக்கும். கால்வாய் ஓரத்துக் களியில் சுத்தியலைத் தொடவே வேண்டாம், கம்பி தன் கனத்திலேயே இறங்கிவிடும். மேலே எடுத்துக் குழாயைப் பிளந்தால் உள்ளே கருஞ்சாம்பலாக, வெண்ணெய் பதத்தில் ஒரு களி. அங்கங்கே சிப்பித் துண்டு, அழுகிய வாடை. விரலால் அழுத்தினால் விரல் முழுசாக உள்ளே போகும். அதன் மேல்தான் வடிகாலின் கான்கிரீட் பெட்டியை வைக்கிறோம்.

வைத்தால் என்ன ஆகும்? இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைவிட, இடத்துக்கு இடம் வித்தியாசமாக இறங்கும் என்பதுதான் பிரச்சினை. நம் பக்கம் நிலம் தட்டையானது. கால்வாயின் நீர்மட்டத்துக்கும் தெருவின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே சொற்பம். அதனால் 2000 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சாய்வு கிடைத்தாலே பெரிய விஷயம். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் வடிகாலுக்கு மொத்த இறக்கமே அரை மீட்டர். நடுவில் ஓரிடத்தில் களி 10 சென்டிமீட்டர் அமுங்கினால் 200 மீட்டர் நீளத்துக்கு வைத்த சாய்வு அங்கேயே போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், வண்டல் படியும், கொசு வரும். ஆண்டுக்கு ஒரு முறை தூர் வாருவார்கள், மறுபடி அதே இடத்தில் படியும். வியாசர்பாடிப் பக்கம் வடிகால் மூடியைத் திறந்தால் வெயில் காலத்திலும் முழங்கால் அளவு கருப்புத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மக்கள் குப்பை போடுவதால் அடைக்கிறது என்று சொல்லிவிடுவது சுலபம். குப்பை போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற வடிகால் ஓரளவு குப்பையைத் தானே தள்ளிக்கொண்டு போகும். அதற்குத் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகத்திலாவது போக வேண்டும். பள்ளம் விழுந்த வடிகாலில் அந்த வேகம் எங்கிருந்து வரும்?

பழைய மேஸ்திரிகளுக்கு இது தெரியும். சேற்றுக்களியில் சுவர் எழுப்ப வேண்டுமென்றால் முதலில் சவுக்குக் கட்டை அடிப்பார்கள், அப்புறம்தான் சல்லி. இன்று ஜியோகிரிட் என்ற வலை விரிப்பு இருக்கிறது, தோண்டிய சேற்றை அகற்றிவிட்டுச் சரளை நிரப்பிக் கெட்டிப்படுத்தும் வழி இருக்கிறது, பெட்டியின் எடையைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. எது வேண்டும் என்பதை மண்தான் சொல்லும். சேறு கண்ட இடத்தில் ஒரு லோடு கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே 10 சென்டிமீட்டர் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டுவிட்டு நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிசிசி அன்றைக்கு லெவலாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்து யாராவது அதே இடத்தில் மட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்துப் பார்த்தார்களா? எனக்குத் தெரிந்து நான் வேலை செய்த எந்தத் தெருவிலும் இல்லை. தயவுசெய்து பாருங்கள். ஒப்பந்ததாரரே குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் முன்னால் வடிகாலின் அடிமட்டத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரி போதும், பாதி வேலை தானாகச் சீராகும்.

மணல் தெருக்களில் கதை வேறு. அங்கே எதிரி நிலத்தடி நீர். தோண்டத் தோண்ட ஊற்று வரும், மோட்டார் போட்டு இறைப்பார்கள். குழிக்குள்ளேயே மோட்டாரை இறக்கி இறைத்தால் வெளிப்பக்கத் தண்ணீர் அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வரும், கூடவே மணலையும் கொண்டுவரும். குழியின் அடி கொதிப்பது போல் குமிழும். அந்த மணல் எங்கிருந்து வருகிறது? பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து. எங்கள் பகுதியில் அரை கிரவுண்டுக்கும் குறைவான மனையில், மூன்றடி அஸ்திவாரத்தில் நிற்கும் வீடுகள்தான் அதிகம். வடிகால் தோண்டிய மாதத்தில் சுவரில் விரிசல் விட்டது என்று ஒரு அம்மா வந்து சொன்னால் "வீடு பழசும்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். வெளியே வரிசையாகக் கிணற்றுக் குழாய் இறக்கி நீர்மட்டத்தை முதலில் தணித்துவிட்டுத் தோண்டுவதும், இரும்புத் தகடு அடித்துக் குழியைக் காப்பதும் உங்களுக்குத் தெரியாத முறைகள் இல்லை. தோண்டும் வேலையில் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஆனால் டெண்டரில் அதற்கென்று தனி விலை இல்லாவிட்டால் எந்த ஒப்பந்ததாரர் செய்வார்? 'நீர் இறைத்தல் உட்பட' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் ஒரு மோட்டாரும் ஒரு ஹோஸும்தான் வரும்.

நீர்மட்டத்தைப் பற்றி இன்னொன்று. துளை போடும் வேலை பெரும்பாலும் கோடையில் நடக்கிறது. அறிக்கையில் 'நிலத்தடி நீர் 3 மீட்டரில்' என்று எழுதுவோம். அன்றைக்கு அது உண்மை. வடகிழக்குப் பருவமழை இறங்கி, டிசம்பரில் அதே இடத்தில் பார்த்தால் தண்ணீர் தரைக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கும். வடிகால் எந்த மாதத்துக்காகக் கட்டப்படுகிறது? டிசம்பருக்காகத்தானே.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வடிகால் பெட்டியின் உள்ளளவு 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர், சுவர் 15 சென்டிமீட்டர். வெளியளவு 1.5க்கு 1.5. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 2 டன். பெட்டி முழுக்க நிலத்தடி நீரில் மூழ்கியிருந்தால் அது ஒதுக்கும் நீரின் எடை 2.25 டன். அதாவது உள்ளே காலியாக, மேலே மண் போடாமல், இரு முனையும் அடைத்து வைத்திருந்தால் அந்தப் பெட்டி மிதக்கப் பார்க்கும். மேல் ஸ்லாப் போடாத நிலையில் இன்னும் மோசம். செப்டம்பரோடு வேலையை நிறுத்தி, பாதி கட்டிய துண்டை முனை அடைத்து அப்படியே மழைக்கு விடுகிறோமே, அந்தத் துண்டுகள்தான் மூட்டில் பிளந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நிற்கின்றன. ஜனவரியில் வந்து இடைவெளியில் கலவை பூசி மூடினால் பார்வைக்குச் சரியாகிவிடும். அடுத்த மழையில் அந்த மூட்டு வழியாக மணல் உள்ளே அரிக்கும், மேலே சாலை பொத்தென்று உள்வாங்கும்.

துளை போட்ட இடத்தை மூடிவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். கீழே சல்லடைத் துளை போட்ட ஒரு பிவிசி குழாயை உள்ளே இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, மேலே பூட்டு மூடி போட்டு விடச் சொல்லுங்கள். ஒரு டேப் இருந்தால் போதும், ஆண்டு முழுக்க நீர்மட்டம் தெரிந்துவிடும். வடிகால் செலவோடு ஒப்பிட்டால் அதன் செலவு ஒன்றுமே இல்லை.

நம் பக்கத்துக் கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மழைநீர் வடிகால் போட ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 588 கிலோமீட்டர் புதிய வடிகால், 175 கிலோமீட்டர் பழைய வடிகால் சீரமைப்பு என்பது திட்டம். 2011இல் நகராட்சியாகவும் ஊராட்சியாகவும் இருந்த பகுதிகள் மாநகராட்சியோடு சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் காத்திருந்த வேலை இது. இதை எதிர்த்து நான் எழுதவில்லை. இது நூறு ஆண்டு நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

நிற்க வேண்டுமென்றால் உப்பைப் பற்றியும் பேச வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எண்ணூர், கத்திவாக்கம் மண்ணில் குளோரைடும் சல்பேட்டும் எவ்வளவு என்று பார்க்காமல் கான்கிரீட் தரத்தை முடிவு செய்யவே கூடாது. தீங்கு செய்யும் நிலத்தடி நீரில் புதையும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் தரநிலை 'மிகக் கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அங்கே குறைந்தது எம்35 என்ற வலிமைத் தரம், கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும். ஏட்டில் இது சரியாகவே இருக்கும். தெருவில் கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் கையில் கிடைத்த ஜல்லி இருக்கும். கான்கிரீட் கொட்டும்போது ஜல்லி நழுவும், கம்பி தரையைத் தொடும். அதைத் தடுக்கச் சைட்டில் நிற்கும் இளைய பொறியாளருக்கு அன்று அந்த கான்கிரீட்டை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தை மேலே இருப்பவர்கள் கொடுங்கள், அவர் நிறுத்தினால் அவர் பக்கம் நில்லுங்கள்.

அடுத்தது, எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. எங்கள் மண் வெறும் மண்ணாக இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எரிபொருள் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்லில் எண்ணெய் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். வீட்டுச் சுவரில் எந்த உயரம் வரை வெள்ளம் வந்ததோ அந்த உயரம் வரை கருப்புக் கோடு. கொடுங்கையூரில் 340 ஏக்கர் அளவுக்குக் குப்பைக் கிடங்கு, அதன் கசிவுநீர் சுற்றியுள்ள மண்ணில் பல பத்தாண்டாக ஊறுகிறது.

இந்த மண்ணில் குழி தோண்டி மோட்டார் போட்டு இறைக்கும்போது, அந்த நீர்மட்டத் தணிப்பு சுற்றுவட்டத்தில் உள்ள எண்ணெயையும் கசிவுநீரையும் குழியை நோக்கி இழுக்கும். இறைத்த தண்ணீரை எங்கே விடுகிறார்கள்? அடுத்த தெருவில், அல்லது நேராகக் கால்வாயில். தோண்டிய கருஞ்சேறு லாரியில் ஏறி எங்கே போகிறது? ஏதோ ஒரு காலி மனைக்கு, அல்லது தாழ்வான இடம் வைத்திருக்கும் ஒருவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார், அதன் மேல் வீடு கட்டுவார். பரிசோதித்த பிறகு அது நல்ல மண் என்று தெரிந்தால் சந்தோஷம். பரிசோதிக்காமல் அனுப்புவது நியாயமில்லை. அந்தக் குழிக்குள் வெறும் காலோடு இறங்கி நிற்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை, கொடுங்கையூர் இந்த நான்கு இடத்திலாவது ஒவ்வொரு தெருவிலும் மண்ணிலும் நீரிலும் எண்ணெய், கன உலோகம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தச் சேறும் நீரும் எங்கே போக வேண்டும் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு பேசி, அதற்கான செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவதா மண்ணுக்குள் விடுவதா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணல் பாங்கான இடத்தில் மூடிய கான்கிரீட் வடிகால் எதற்கு, மழை தானே உள்ளே இறங்குகிறதே என்று மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். திருவொற்றியூர் மணலிலும் அதே கேள்வியைக் கேட்கலாம், கேட்க வேண்டும். நல்ல மணலாக இருந்தால் அடியில் துளையிட்ட வடிகால், உறிஞ்சு கிணறு என்று போய்விடலாம். உப்பு உள்ளே வருவதையும் அது கொஞ்சம் தள்ளிப்பிடிக்கும். ஆனால் எண்ணெய் ஊறிய மண்ணில் அதைச் செய்தால் மாசைக் கீழே தள்ளிவிடுகிறோம். எந்தத் தெரு எந்த வகை என்று மேசையிலிருந்து சொல்ல முடியாது.

தெருவில் எல்லாம் சரியாகச் செய்தாலும், தண்ணீர் போய்ச் சேரும் இடம் ஒத்துழைக்க வேண்டும். கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது, அது எண்ணூர் முகத்துவாரத்தை நம்பி இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டினாலும், அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறினாலும் தண்ணீர் திரும்பி எங்கள் வடிகாலுக்குள்தான் வரும். அந்த நேரம் பார்த்துப் புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடயங்குப்பம் வழியாக வந்து சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஒவ்வொரு வடிகாலின் வாய்மட்டத்தையும் கடலின் உயர் மட்டத்தோடு வைத்துக் காட்டுங்கள். தாழ்வாக இருந்தால் திரும்புநீரைத் தடுக்கும் மடல் கதவும் பம்பும் வேண்டும். இங்கே நீர்வளத் துறையும் மாநகராட்சியும் தனித்தனி வரைபடம் வைத்துக்கொண்டிருந்தால் ஆகாது.

வரைபடம் என்றதும் ஞாபகம் வருவது, தெருவுக்கு அடியில் கிடக்கும் மற்ற சங்கதிகள். ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கம் நூறாண்டைத் தொடும் கழிவுநீர்க் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய், மின்கேபிள், இணையக் கேபிள், சில தெருக்களில் எரிபொருள் குழாய். ஜேசிபி பல் பட்டுக் கழிவுநீர்க் குழாய் உடைந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மழையில் நிலத்தடி நீர் அந்த உடைசல் வழியாக உள்ளே புகும், பம்பிங் ஸ்டேஷன் தாங்காது, மேன்ஹோல் பொங்கும். கோடையில் அதே உடைசல் வழியாகக் கழிவுநீர் வெளியேறிக் குடிநீர்க் குழாயைத் தேடிப் போகும். தரைக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் வைத்து முதலில் தேடுங்கள், சந்தேகமான இடத்தில் கையால் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள், அப்புறம் இயந்திரத்தை இறக்குங்கள். வழியில் கேபிள் வந்தது என்று பெட்டியின் சுவரில் ஓட்டை போட்டு அதை உள்ளே விட்டுக் கட்டுவதை மட்டும் இனி அனுமதிக்காதீர்கள்.

ஏற்கெனவே நம் கையில் இருக்கும் தகவலும் வீணாகிறது. 2021 பிப்ரவரியில் திறந்த வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோவுக்காகத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் நெடுக மண் எடுத்திருக்கிறார்கள். மேம்பாலங்களுக்கு எடுத்திருக்கிறார்கள், துறைமுகச் சாலைக்கு எடுத்திருக்கிறார்கள், குடிசை மாற்றுக் குடியிருப்புகளுக்கு எடுத்திருக்கிறார்கள். எல்லாம் பொதுப் பணம். எல்லாம் வெவ்வேறு அலுவலகத்தின் பீரோவில் கிடக்கிறது. இவற்றை ஒரே வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, தொட்டால் அந்த இடத்து மண் அடுக்கும் நீர்மட்டமும் தெரிகிற மாதிரி வெளியிட்டால், உங்கள் வேலையே எளிதாகும். எங்கே புதிதாகத் துளை போட வேண்டும், எங்கே வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும். வீடு கட்டுகிறவர்களும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

எங்கள் தரப்பிலிருந்து என்ன செய்ய முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டக் குழாய் இறக்க இடம் வேண்டுமென்றால் கோயில் வளாகம், சர்ச் வளாகம், பள்ளி மைதானம், மீனவர் சபைக் கட்டடம் என்று எங்கள் பகுதியில் இடம் இருக்கிறது. பேசித் தர நாங்கள் தயார். அளக்கும் வேலையை மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க என்னைப் போலத் தொழிலில் இருப்பவர்கள் முன்வருவோம், கூலி வேண்டாம். அக்டோபருக்கு முன்னால் குழாய்களை இறக்கிவிட்டால் வரும் மழைக்காலத்தின் அளவுகள் ஜனவரியில் நீங்கள் வேலையை மறுபடி தொடங்கும்போது உங்கள் மேசையில் இருக்கும். எந்தத் தெருக்களில் முதலில் இறக்கலாம் என்று வார்டு அலுவலகத்தில் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைத் தொழிலாளி ஒருவன்,
தண்டையார்பேட்டை.